நோக்குமேடையும் ஏலக்கூடமும்: ஊகம் என்னும் சொல்லைப் பற்றி

திருகோணமலையில் உட்துறைமுகத்தை அடுத்து எழுந்து நிற்கும் குன்றுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட பெயர் ஓர்ஸ் ஹில். ஓர் என்பது அவர்களிடையே வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று. அதைக் காதாற் கேட்ட நம்மவர் ஒலியை மாத்திரம் கைக்கொண்டு, பொருளைத் தம் ஊரிலிருந்தே எடுத்து நிரப்பி, உவர்மலை என்று ஆக்கிவிட்டனர். கடற்காற்று உப்பைச் சுமந்து வந்து சுவர்களை அரிக்கும் ஊரில் உவர் என்ற அடைமொழி அத்தனை இயல்பாகப் பொருந்திவிட்டபடியால், அங்கே பிறந்து வளரும் பிள்ளை அதனைப் பழந்தமிழ்ப் பெயரென்றே எண்ணினாலும் குற்றமில்லை. ஒலி ஓரிடத்திலிருந்தும் பொருள் வேறோரிடத்திலிருந்தும் வந்து சேர்வது சொற்களின் உலகத்தில் அபூர்வமான சம்பவமன்று. ஆங்கிலத்தில் ஸ்பெகுலேஷன் என்றும், தமிழில் ஊகம், யூகம், ஊக வாணிபம் என்றும் வழங்கும் சொல்லின் சரித்திரமும் ஏறக்குறைய அத்தகையதே. அதனை ஆராய முற்படுகிறவனுக்கு, துறைமுகத்தைக் கண்காணிக்கும் ஒரு குன்றைக் காட்டிலும் தகுந்த இருப்பிடம் கிடைப்பது அரிது.

இலத்தீன் மொழியில் ஸ்பெக்குலா என்றால் உயரத்தில் அமைந்த நோக்குமேடை. பார்த்தல் என்ற பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது அது. அம்மேடையில் நின்று தூரத்தை நோக்குகிறவன் ஸ்பெக்குலாத்தோர். உரோமானியச் சேனையில் எதிரியின் நடமாட்டத்தை முன்சென்று அறிந்து வரும் ஒற்றர்களுக்கும் அதுவே பெயர். விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில், எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் ஜனங்களுக்குக் காவற்காரனாக நியமிக்கப்படும் இடத்திலும் இதே சொல் ஆளப்பட்டிருக்கிறது. ஆக, இச்சொல்லின் பூர்வ அர்த்தத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, பொறுப்பு ஒன்று உண்டு: கண்டதைக் கண்டவாறு கீழே நிற்பவர்களுக்கு அறிவிப்பது. காணாததைக் கண்டதாகச் சொன்ன காவற்காரன் தன் உத்தியோகத்தை மாத்திரமா இழப்பான்?

இந்தக் காவற்காரனைத் தத்துவஞானி ஆக்கியவர்கள் பிற்காலத்து இலத்தீன் ஆசிரியர்கள். கிரேக்கர் தியோரியா என்று வழங்கிய சொல், விழாக்களைக் காணும்பொருட்டு நகரங்கள் அனுப்பிய பிரதிநிதிகளின் காட்சியைக் குறித்து, பின்னர் அறிவினாற் காணும் காட்சியைக் குறிக்கலாயிற்று; அதனை இலத்தீனில் பெயர்க்க நேர்ந்தபோது ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த போயெத்தியுஸ் ஸ்பெகுலேஷன் மரபைச் சேர்ந்த சொற்களையே எடுத்தாண்டார். ஆனால் அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே புனித அகுஸ்தீனார் திரித்துவத்தைப் பற்றிய தம் நூலில், பவுல் அப்போஸ்தலரின் வசனமொன்றை விளக்குமிடத்து, இச்சொல் நோக்குமேடையாகிய ஸ்பெக்குலாவிலிருந்து வந்ததாகக் கொள்ளலாகாது, கண்ணாடியாகிய ஸ்பெக்குலும் என்பதிலிருந்து வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். கடவுளை நேரிற் காண இயலாத மனிதன், சிருஷ்டியாகிய கண்ணாடியில் அவருடைய சாயலைக் காண்கிறான் என்பது அவர் கருத்து. எட்டு நூற்றாண்டுகள் கழித்துத் தோமஸ் அக்குவினாஸ் இதனையே ஆதாரமாக எடுத்து மொழிந்தார். மொழிநூலார் இன்று இரண்டு சொற்களும் ஒரே வினையடியின் கிளைகள் என்று சொல்லி வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். ஆயினும் அகுஸ்தீனாரின் பிடிவாதத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. மேடையில் நிற்பவன் பொருளை நேரே பார்க்கிறான். கண்ணாடியைப் பார்ப்பவன் பிரதிபிம்பத்தைப் பார்க்கிறான். இந்தப் பேதம், சமயத்தை விட்டுச் சந்தைக்கு வரும்போது எத்தனை உயிர்களைக் குடிக்கவல்லது என்பதை அந்த மகான் அறிந்திருக்க நியாயமில்லை.

ஜெர்மானியத் தத்துவத்தில் இச்சொல்லின் நிலை ஏறியும் இறங்கியும் வந்தது. 1781இல் வெளியான தம் பெருநூலில் கான்ட், அனுபவத்தின் எல்லையைக் கடந்து பறக்க முயலும் புத்திக்குக் கடிவாளம் இட்டார். ஹேகல் அதே சொல்லைச் சிந்தனையின் உச்சநிலைக்குப் பெயராக்கினார். ஹேகலின் விரிவுரைகளில் ஒரு சுவையான குறிப்பு உண்டு: வியாபாரத்திலும், விவாக சம்பந்தத்திலுங்கூட, உலகத்தார் இச்சொல்லை வழங்குவதை அவர் எடுத்துக்காட்டி, கண்முன் இருப்பதைக் கடந்து செல்லும் நோக்கம் அங்கும் இருப்பதை ஒப்புக்கொள்கிறார். பெண்ணெடுக்கும் வீட்டின் காணி பூமியை அளவிட்டுக்கொண்டே பெண் பார்க்கச் செல்லும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஹேகலின் தத்துவம் விளங்காவிட்டாலும் இந்த உதாரணம் விளங்கும்.

இனி நம் பக்கத்துச் சொல்லை நோக்குவோம். ஊகம் வடமொழி ஊஹம் என்பதன் திரிபு. யகரம் ஒட்டி யூகம் ஆகியும் வழங்கும். சங்கச் செய்யுட்களில் வரும் ஊகம் கருங்குரங்கு. அதற்கும் இதற்கும் உறவில்லை, ஊகத்தையே பிழைப்பாகக் கொண்ட சிலரைப் பார்க்கையில் அவ்வாறு தோன்றாது போனாலும். வடமொழி ஊஹத்துக்கு நமது சாஸ்திரங்கள் அளித்த இடம் ஆராயத்தக்கது. மீமாம்சையில் அது வேள்விக்குரிய மந்திரத்தை, வேறொரு தெய்வத்தை நோக்கிச் செய்யும் வேள்விக்கு ஏற்ப மாற்றியமைக்கும் முறை. ஜைமினி சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் அதற்கே உரியது. இலக்கணம் கற்பதன் பிரயோஜனங்களை எண்ணும் பதஞ்சலி, தம் மகாபாஷ்யத்தில் வேதத்தைக் காத்தலுக்கு அடுத்தபடியாக இந்த ஊஹத்தை வைத்தார். நியாய சூத்திரமோ மேலும் நுட்பமாகச் செல்கிறது. உண்மை இன்னதென்று அறியப்படாத ஒரு பொருளிடத்தில், காரணங்களின் பொருத்தத்தை ஆராய்ந்து உண்மையை அறியும்பொருட்டு நிகழும் ஊஹமே தர்க்கம் என்று வரையறுத்த நையாயிகர், அந்தத் தர்க்கத்தைப் பிரமாணங்களின் வரிசையில் உட்கார வைக்க மறுத்துவிட்டனர். பிரத்தியட்சமும் அனுமானமும் அறிவைத் தருவன. ஊஹம் அவற்றுக்குக் கைகொடுப்பது, அவ்வளவே. மணிமேகலையில் சமயக்கணக்கர் வாதங்களைக் கேட்கும் காதையில், வியாசர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், ஜைமினி ஆறு என்றும் அளவைகளை வகுத்தது கூறப்படும். எத்தனை வகுத்தாலும், அனுமானமாகிய கருதலுக்கு முன்னே பிரத்தியட்சமாகிய காண்டல் நிற்கும்.

நியாய சாஸ்திரத்தின் இந்த மறுப்பை நான் இவ்வாராய்ச்சியின் உரைகல்லாகக் கொள்கிறேன். ஊகம் துணைவனாக இருக்கும் வரையில் அறிவுக்கு அழகு. அதுவே பிரமாணத்தின் ஆசனத்தில் ஏறிவிட்டால் கேடு தொடங்குகிறது.

வாணிபத்தில் ஸ்பெகுலேஷன் என்ற ஆங்கிலச் சொல் நுழைந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1776இல் ஆடம் ஸ்மித் வெளியிட்ட நாடுகளின் செல்வம் பற்றிய நூலில் இரண்டு அர்த்தங்களும் ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன. முதல் அத்தியாயத்தில், எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட ஞானிகளை அவர் இப்பெயரால் குறிக்கிறார். பத்தாம் அத்தியாயத்திலோ, இந்த ஆண்டு தானியமும் அடுத்த ஆண்டு திராட்சைமதுவும் அதற்கடுத்த ஆண்டு சர்க்கரையோ தேயிலையோ வாங்கி விற்று, நிலையான தொழில் எதனையும் பற்றாமல், லாபம் தென்படும் திசையெல்லாம் புகுந்து புறப்படும் வணிகனை அதே சொல்லால் அழைக்கிறார். ஞானியும் வணிகனும் ஒரே மேடையில் நின்று தூரத்தைப் பார்ப்பவர்கள் என்று அவர் கருதியதாகக் கொண்டால், வாணிப அர்த்தம் அந்நாளில் இழிபொருள் பெறவில்லை என்பது புலனாகும்.

இழிவு எவ்வாறு வந்தது என்பதைக் காண நாம் இலண்டனுக்குப் போக வேண்டுவதில்லை. மன்னார்க் கடற்கரையில் கூடிய முத்துச் சலாபமே போதும். சலாபம் என்ற சொல்லே முத்துக்குளிப்பையும் அதையொட்டிக் கூடும் சந்தையையும் சேர்த்துக் குறிப்பது. பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில், கடல் அமைதியுற்றிருக்கும்போது, ஆளற்ற மணற்கரையில் ஓலைக் கொட்டில்களாலான நகரம் ஒன்று சில நாட்களில் எழும். கீழக்கரை மரக்காயர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வணிகர், அராபியக் குளியாளர் என்று பல்லாயிரம் பேர் வந்து கூடுவார்கள். சுறாவின் வாயைக் கட்ட வந்த கடல்கட்டி என்னும் மந்திரவாதிக்கும் அங்கே சம்பளம் உண்டு. கிறிஸ்தவ அரசாங்கமே அவரை நியமித்தது என்றால், நிச்சயமின்மையின் முன்னிலையில் எல்லா மதத்தினரும் ஒன்றுதான்.

சலாபம் தொடங்குவதற்கு முன்னே அரசாங்கத்தின் பரிசோதகர் கடலடியில் சிப்பி விளையும் பார்களுக்குச் சென்று, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துவந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை அனுபவசாலிகளான வணிகரைக் கொண்டு மதிப்பிடுவித்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என்று அறிவிப்பார். இது மேடையில் நிற்பவனின் வேலை. காண்டலை ஒட்டிய கருதல். குளிப்பு தொடங்கியபின், படகுகள் கொண்டுவந்த சிப்பிகள் கோட்டு என்னும் அடைப்புக்குள் எண்ணப்பட்டு, மூன்றிலொரு பங்கு குளியாளருக்கும் மற்ற இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஆகும். அரசாங்கப் பங்கு அன்றிரவே, ஆயிரம் ஆயிரமாக, திறக்கப்படாமலே ஏலத்தில் விடப்படும். வாங்குகிறவன் எதை வாங்குகிறான்? மூடிய ஓடுகளை. உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும், சிப்பி அழுகிப் பல நாட்கள் கழித்துக் கழுவிய பின்னரே தெரியவரும். அவ்வேளையில் அவனுடைய கண், கடலையும் பாரையும் பரிசோதகர் அறிக்கையையும் விட்டு, எதிரே நிற்கும் செல்வரின் முகத்துக்குத் தாவுகிறது. அவர் இன்றைக்கு ஏன் விலையை ஏற்றுகிறார்? நேற்றுக் கழுவிய சிப்பியில் எதையேனும் கண்டிருப்பாரோ? அல்லது கண்டதாக நாம் எண்ணட்டும் என்றுதான் ஏற்றுகிறாரோ? குளியாளர் தம் பங்கிலிருந்து கைவிரல் எண்ணிக்கையில் விற்கும் சிப்பிகளை வாங்கி அங்கேயே கத்தியாற் பிளந்து பார்க்கும் ஏழைகளின் ஆசையும் இதுதான். முதல் சிறிது, வேட்கை ஒன்றே. இளம் சிவில் உத்தியோகத்தராக 1906ஆம் ஆண்டுச் சலாபத்துக்கு அனுப்பப்பட்ட லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுதிய தம் வரலாற்றில் அந்தக் கூட்டத்தையும் நாற்றத்தையும் மறவாமல் பதித்திருக்கிறார்.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு பெரிய விளைச்சலைக் கண்ட கண்ணுக்கு அடுத்த இருபது ஆண்டுகளும் அவ்வாறே தோன்றின போலும். 1906இல், ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய் குத்தகைக்கு, இருபது ஆண்டுகளுக்கு, முத்துப் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனி எடுத்துக்கொண்டது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன. நீரோட்டம் மாறுவதும், திருக்கையும் பிற மீன்களும் இளஞ்சிப்பிகளைத் தின்றொழிப்பதும் ஆண்டறிக்கைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. கம்பனி சில ஆண்டுகளிலேயே கலைந்தது. அதன் பங்குகளை வாங்கியவர்கள் பாரை ஒருபோதும் கண்ணாற் கண்டிராதவர்கள் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

திருகோணமலைக்கும் இக்கதையில் பங்குண்டு. உட்துறைமுகத்தோடு கலக்கும் தம்பலகாமக் குடாவில், தட்டையான கண்ணாடிச் சிப்பியிலிருந்து சிறு முத்துக்கள் எடுக்கும் தொழில் நடந்துவந்தது. 1850களின் பிற்பகுதியில் டாக்டர் கெலார்ட் என்னும் இலங்கையர் இவ்வூரிலிருந்தபடியே முத்துச்சிப்பியின் இயல்பை ஆராய்ந்தார். ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்பதாக அதுவரை நம்பப்பட்ட சிப்பி, தன் நாரை அறுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து மறுபடி பற்றிக்கொள்ள வல்லது என்று பாத்திரங்களில் வைத்துப் பார்த்தே அவர் சொன்னார். முத்து உண்டாவதற்கு ஒட்டுண்ணிப் புழுக்கள் காரணமாகலாம் என்ற கருத்தும் அவருடையது. அரை நூற்றாண்டு கழித்து, 1902இல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மனும் அவருடைய துணைவர் ஜேம்ஸ் ஹோர்னலும் அதனை விரித்து, நாடாப்புழுவின் இளம்பருவமே இலங்கை முத்தின் கரு என்று நிலைநாட்ட முயன்றார்கள். பின்வந்தோர் அதனை ஏற்கவில்லை. விஞ்ஞானியின் ஊகமும் வணிகனின் ஊகமும் ஒரே சிப்பியின்மேல் நிகழ்ந்தன, இரண்டும் பொய்த்தன. ஆயினும் ஹெர்ட்மன் பொய்த்தபோது ஐந்து தொகுதி அறிக்கை மிஞ்சியது. அதில் அவர் கண்டவையும் கருதியவையும் தனித்தனியே பிரிந்து நின்றபடியால், அவரை மறுத்தவர்களுக்கு அவருடைய காட்சிகளே கருவியாயின. ஏலத்தில் தோற்றவனிடம் மிஞ்சியது கடன்.

காப்பித் தோட்டங்களின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1840களில் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கிடைத்த மலைக்காட்டை ஆளுநர் முதல் நீதிபதி, படைத்தலைவர், குருமார் ஈறாக வாங்கிக் குவித்ததையும், அந்தத் தசாப்தத்தின் முடிவுக்குள் விலை வீழ்ந்து பலர் அழிந்ததையும் இலங்கையின் காலனிச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் எஞ்சியதைத் தின்றது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. இந்த நஷ்டங்களைப் பேசும் நூல்கள், இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கால்நடையாக வந்து, வழியிலே மாண்டும் மலையிலே மாண்டும் போன கூலிகளை நஷ்டக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊகத்தில் ஈடுபடாதவனே அதன் விலையைக் கொடுக்கிறான். சென்னையில் 1906 அக்டோபர் 22ஆம் தேதி அர்பத்நாட் கம்பனி முறிந்தபோது நேர்ந்ததும் அதுதான். இலண்டனிலிருந்த கூட்டாளி மக்ஃபேடியன் நெடுங்காலமாக ஊக வாணிபத்தில் தொலைத்த பணம், ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் வட்டிக்கு நம்பிப் போட்ட பணம். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார், சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் நெடுங்காலம் தடுமாறி வந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்று தள்ளுகிறது. ஆனால் விலை ஏறுமென்று எதிர்பார்த்துப் பண்டத்தை வாங்குவது பந்தயமாகாது. இரு தரப்பாரும் பண்டத்தைக் கைமாற்றும் எண்ணமே இன்றி விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்க உத்தேசித்திருந்தார்களா என்பதே நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி. 1952இல் வந்த முன்பேர ஒப்பந்தச் சட்டமும் இந்தக் கேள்வியோடு மல்லாடி, 2015இல் இரத்தாயிற்று. வள்ளுவர் இதனைச் சுருக்கமாகவே தீர்த்திருக்கிறார்: வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் காரியத்தைச் சூது என்ற அதிகாரத்தில் வைக்காமல், தெரிந்துசெயல்வகையில் வைத்தார். ஊக வாணிபம் அவருக்கு ஒழுக்கக் கேடாகப் படவில்லை, ஆராய்ச்சிக் குறைவாகப் பட்டது. சட்டா எனப்படும் ஊக வியாபாரம் செய்வோரைச் சூதாடிகள் என்று வைவதோடு திருப்தியடையும் நம் பத்திரிகைகளைவிட இந்த வகைப்பாடு கூரியது என்பது என் அபிப்பிராயம்.

1936இல் கெய்ன்ஸ் எழுதிய பொதுக் கோட்பாட்டின் பன்னிரண்டாம் அத்தியாயம் இதே இடத்தை வேறு வழியாக வந்தடைகிறது. ஒரு சொத்து தன் ஆயுள் முழுவதும் தரக்கூடிய வருவாயை மதிப்பிடுவது தொழில்முயற்சி. சந்தையின் மனப்போக்கை முன்கூட்டி அறிய முயல்வது ஊக வாணிபம். பத்திரிகையில் வெளியான நூறு முகங்களில் அழகானவற்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால், தனக்கு அழகாகப் பட்டதை விட்டு, பிறர் எதை அழகென்பார்கள் என்று பிறர் கருதுவார்கள் என எண்ணிப் பார்ப்பவனே பரிசு பெறுவான் என்ற அவருடைய உவமை பிரசித்தமானது. சலாபத்து ஏலக்கூடத்தில் செட்டியாரும் மரக்காயரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வைதான் அது. அகுஸ்தீனாரின் கண்ணாடி இங்கே வந்து சேர்ந்துவிட்டது: கண்ணாடியில் தெரிவது இப்போது கடவுளின் சாயலன்று, எதிரே நிற்பவன் கையிலுள்ள கண்ணாடி.

அரசுகளும் இவ்விளையாட்டுக்கு விலக்கல்ல. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரேனுக்கும் கைமாறியது. இந்தத் துறைமுகத்தில் அன்று வாணிபம் சொற்பம். எதிரி இதைப் பயன்படுத்துவானோ என்ற எண்ணத்துக்கே அத்தனை இரத்தமும் சிந்தப்பட்டது. உவர்மலையிலிருந்து பார்க்க, உட்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவில் இருக்கின்றன எண்ணெய்க் குதங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும்படி, இரண்டாம் உலகப் போருக்கு முன்னே பிரித்தானியர் கட்டிய அவை, கிழக்கே ஒரு போர் மூளும் என்ற கணிப்பின்மேல் எழுந்தவை. போர் மூண்டது, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின் குதங்களிற் பெரும்பாலானவை பற்றைக்காட்டுக்குள் மறைந்தன. ஆனால் அவற்றைப் பற்றிய ஊகம் மறையவில்லை. 1987 ஜூலை 29இல் கையொப்பமான இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில், இத்துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாகப் பிறநாட்டுப் படைகள் பயன்படுத்த இடங்கொடுப்பதில்லை என்றும், குதங்களை இருநாடும் கூடிப் புதுப்பிப்பதென்றும் எழுதப்பட்டது. 2003இல் அவை இந்தியன் எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாயின. பயன்பாட்டுக்கு வந்தவை கீழ்த்தொகுதியின் சில மாத்திரமே. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 குதங்களும் பங்கிடப்பட்டன: இந்தியக் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61, அக்கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51.

இந்த ஒப்பந்தத்தைக் கொழும்பிலும் டில்லியிலும் விவாதித்தவர்களின் பேச்சைப் படித்தால், எண்ணெயின் விலை எத்தனை, துருவேறிய தகட்டை மாற்ற எவ்வளவு செலவு, ஆண்டுக்கு எத்தனை கப்பல்கள் வரக்கூடும் என்ற கணக்குகள் அருகியே காணப்படுகின்றன. நாம் எடுத்துக்கொள்ளாவிட்டால் சீனா எடுத்துக்கொள்ளுமோ, இவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதே பேச்சின் பெரும்பகுதி. குதங்களைத் திறந்து, அடித்தகட்டின் கனத்தை அளந்து, ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதிய பொறியியலாளர்களின் அறிக்கைகள் அந்த விவாதங்களில் மேற்கோளாக வருவது மிகக் குறைவு.